அன்னம்மாவைத் தரையிறக்கிய கிரேக்கர்

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பாம்புக்கு அடுத்தபடியாக எல்லோரும் பயந்தது கிரேக்கருக்குத்தான். பாம்பாவது வழி கிடைத்தால் போய்விடும். கிரேக்கர் நம் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, வேதாகமத்தில் ஏதாவது ஒரு சொல்லுக்கு மூலத்தில் என்ன பொருள் என்று சொல்லி முடித்த பிறகே விடுவார்.

ஆள் அசல் தமிழர். சிக்னல்காரர். ஊர் திரும்பிய வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் விட்டுப்போன கிரேக்க அகராதியை வைத்துத் தானே படித்தவர். அதன் பின்பாதியைக் கரையான் தின்றிருந்தது. ஆகவே கடைசி எழுத்துகளில் தொடங்கும் சொற்களை நம்பி யாரும் பாவம் செய்துவிட வேண்டாம் என்று எச்சரிப்பார்.

ரப்பர் விலை விழுந்து, வேலை போனவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த சமயம். அந்தப் பயம் போதாதென்று கிள்ளானிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். கர்த்தர் வரும்போது எக்காளம் ஊதும், விசுவாசிகள் ஆகாயத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள், மற்றவர்கள் கீழே கிடப்பார்கள், சேர்ந்து மாவரைக்கும் இருவரில் ஒருத்தி போய்விடுவாள் என்று மூன்று நாள் முழங்கினார். மறுநாளே குவார்ட்டர்ஸில் பெண்கள் சேர்ந்து மாவரைப்பது நின்றது. கூட்ஸ் ஷெட் குமாஸ்தாவான நான், எஞ்சின் ஊதும்போதெல்லாம் மேசைக்காலைப் பிடித்துக்கொண்டேன். மேலே போய்விடுவேன் என்றல்ல. என் லட்சணம் எனக்குத் தெரியும். மற்றவர்கள் போவதைப் பார்க்கும் தைரியம் இல்லை.

பக்கத்து வீட்டு அன்னம்மாவின் நிலைமைதான் மோசம். அவள் மெதடிஸ்ட். புருஷன் முனியாண்டி, தண்டவாளத்தில் பாயிண்ட்ஸ் மாற்றுகிறவன், மாரியம்மன் பக்தன். தான் போய் அவன் தங்கிவிட்டால் என்ன செய்வது என்று தன் முந்தானையை அவன் வேட்டியோடு முடிச்சுப் போட்டுவிட்டாள். போனால் இருவரும், இல்லாவிட்டால் வேட்டியாவது.

முனியாண்டி இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாளும் போகாவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள். அடுத்தது கப்பல்தான்.

"அவுத்து விடு புள்ள. நீ மேல போறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் நாகப்பட்டினம் போயிடுவோம்."

"நீங்க வேலைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள நான் போயிட்டா?"

மூன்றாம் நாள் காலை, வேறு வழியில்லாமல் கிரேக்கரைக் கூட்டிவந்தேன். அவரைத் தேடிப் போன முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

"கர்த்தரைச் சந்திக்க ஆகாயத்துக்குப் போவோம்னு பவுல் எழுதின இடத்துல வர்ற வார்த்தை அபந்தேசிஸ்," என்று அகராதியை விரித்தார். "ஆல்பாங்கற மொத எழுத்துல ஆரம்பிக்குது. கரையான் தொடல."

"அப்படின்னா என்னண்ணே?" என்றாள் அன்னம்மா.

"எதிர்கொண்டு போறது. சிங்கப்பூர்லேர்ந்து பெரிய துரை வந்தா நம்ம ஸ்டேஷன் மாஸ்டர் என்ன செய்றாரு?"

முனியாண்டி முடிச்சோடு முன்னால் வந்தான். "ஒரு ஸ்டேஷன் முன்னாடியே போயி, துரையோட ரயில்ல ஏறிக்குவாரு."

"ஏறி? சிங்கப்பூருக்கா போறாரு?"

"இங்கதாண்ணே வருவாரு. துரையைக் கூட்டிக்கிட்டு."

"அதான் அந்த வார்த்தை. ஊருக்கு வர்றவரை வழியிலேயே பார்த்துக் கூட்டிக்கிட்டு, ஊருக்கே திரும்பறது. மாப்பிள்ளைக்காகக் காத்திருந்த கன்னிகைங்கன்னு கர்த்தர் சொன்ன கதையிலயும் இதே வார்த்தைதான்."

அன்னம்மா முடிச்சைக் கையில் பிடித்தாள். "அப்ப நான் இங்கதான் திரும்பி வருவேனா?"

"இங்கதான்."

"இவரு?"

"வாசல்ல நிப்பான்."

"சோறு வடிச்சு வச்சிட்டுப் போகலாமா?"

"வச்சிட்டே போ."

இரண்டு நாளாக இறுகிக் கிடந்த முடிச்சை அவள் அவிழ்க்க நேரம் பிடித்தது. அவிழ்ந்ததும் முனியாண்டி வேலைக்கு ஓடினான்.

திரும்பும் வழியில் கிரேக்கரைக் கேட்டேன். "நிச்சயந்தானா அண்ணே?"

"வார்த்தை நிச்சயம். எனக்குத்தான் பயம்." அகராதியை மார்போடு அணைத்துக்கொண்டார். "கேரித் தீவுத் தோட்டத்துல என் சம்சாரம் காய்ச்சல்ல போனா. கடைசி வரைக்கும் அவளுக்கு மாரியம்மாதான். அவளுக்கு இடமிருக்கான்னுதான் ஒவ்வொரு வார்த்தையாத் தேடறேன். அந்த வார்த்தை கரையான் தின்ன பாதியில இருந்திருந்தா என்னப்பா பண்றது?"

இன்று அவரும் இல்லை. கர்த்தர் வரும் அந்த நாளை நினைத்தால் எனக்கு இன்னும் உதறல்தான். ஆனாலும், திரும்பி வரும் கூட்டத்தில் அவரும் அவர் சம்சாரமும் சேர்ந்து நடந்து வருவதைப் பார்க்க, உதறலோடாவது வாசலில் போய் நிற்பேன்.