எல்லோ டேக்கின் மோட்டார் குழப்பம்

பெங்களூரில் இருக்கிற அத்தனை ஜனமும் ஒன்றாக உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டாலும், 'ஆமாம்' அல்லது 'இல்லை' என்று முடிய வேண்டிய ஒரு கேள்வியை எல்லோ டேக் அளவுக்குச் சிக்கலாக்க முடியாது. இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. ஒன்பது வருஷம் அவரோடு வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பத்திரிகைக்கு எழுத வருவதற்கு முன்னால் நான் அடுகோடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். அங்கே இன்ஸ்பெக்‌ஷன் மேஜைக்கு அதிபதி அவர். நாங்கள் கடைந்து கொடுக்கும் உருப்படியை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சை அட்டை, கெட்டுப்போயிருந்தால் சிவப்பு அட்டை கட்ட வேண்டும். இரண்டிலும் சேராததற்கு மஞ்சள் அட்டை, அதாவது எல்லோ டேக். 'முடிவு ஆகவில்லை, யாரும் தொடாதே' என்று அதற்கு அர்த்தம். மற்ற பட்டறைகளில் ஒரு கட்டு மஞ்சள் அட்டை வருஷக் கணக்கில் வரும். எங்கள் ஆளுக்கு ஒரு வாரம் தாங்காது. காலையில் நான் கடைந்து கொடுத்த புஷ் வளையம் சாயங்காலம் வரை மஞ்சள் அட்டையோடு படுத்துக் கிடக்கும். போய்க் கேட்டால், "அளவு கரெக்டாத்தான் கீதுப்பா. ஆனா மனசு ஒத்துக்கல" என்பார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

ஆஸ்டின் டவுனிலிருந்து இருபத்திரண்டு வருஷமாகச் சைக்கிளிலேயே வேலைக்கு வந்தவர். திடீரென்று ஒரு நாள் வலது முழங்கால் மக்கர் செய்தது. இனி பெடல் மிதித்தால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ்ஸில் வந்து பார்த்தார். வாரத்தில் நாலு நாள் லேட். ஸ்கூட்டர் வாங்கலாம் என்றால் லைசென்ஸ் இல்லை. டெஸ்டில் எட்டுப் போடச் சொன்னபோது, எட்டின் நடுவில் இரண்டு வட்டமும் சேரும் இடத்தில் காலை ஊன்றி நின்று, "இப்ப எந்தப் பக்கம் சார்?" என்று கேட்டவர் அவர். மூன்று தடவை டெஸ்டுக்குப் போனார், மூன்று தடவையும் கேட்டார்.

முதலாளி கன்னடக்காரர். தங்கமான மனுஷர்தான். ஆனால் எட்டு மணி பெல் அடித்த பிறகு யாராவது கேட்டுக்குள் நுழைந்தால் அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிடும். ஒரு நாள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"நோடி சார், ஆயுத பூஜை வரைக்கும் டைம் குடுக்கறேன். அதுக்குள்ள கரெக்ட் டைமுக்கு வர்றதுக்கு ஒரு வழி பண்ணிக்கோங்க. இல்லேன்னா மனேல ரெஸ்ட் எடுங்க. டேபிள்ல வேற ஆளை உக்கார வெக்கறேன்."

எல்லோ டேக் முகத்தில் ஈயாடவில்லை. வீட்டில் மனைவி மட்டும்; பிள்ளைகுட்டி இல்லாத மனுஷருக்கு அந்த மேஜைதான் உலகம். ஞாயிற்றுக்கிழமைகூட, அளக்கிற கேஜ்களுக்கெல்லாம் எண்ணெய் போட வேண்டும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பார்.

பழைய சைக்கிளிலேயே ஒரு மோட்டாரை மாட்டிக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்ன பாவி நான். பேட்டரி மோட்டாரா, பெட்ரோல் என்ஜினா என்று அதற்குள் ஒரு கேள்வி ஒளிந்திருப்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

"சேம்பிள் பாக்காம எப்டிப்பா எடுக்கறது?" என்று கிளம்பிவிட்டார். பேட்டரிக் கடைக்காரரிடம் ஒரு மணி நேரம், பெட்ரோல் என்ஜின் மாட்டும் மெக்கானிக்கிடம் ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டார். இவருக்குப் பதில் சொல்வதைவிட வண்டியைக் கொடுத்து அனுப்புவது சுலபம் என்று இருவருக்கும் பட்டிருக்க வேண்டும். ஆளுக்கொரு வாரம் ஓட்டிப் பார்க்க வண்டி கொடுத்துவிட்டார்கள்.

முதலில் பேட்டரி. சத்தமே இல்லாமல் பூனை மாதிரி போகிறது என்று முதல் நாள் ஒரே குஷி. அவர் வீடு மூன்றாவது மாடி. கீழே பிளக் பாயின்ட் கிடையாது. முழங்காலுக்கு ஓய்வு கொடுக்க வாங்கும் வண்டியின் பேட்டரியை மார்போடு அணைத்துக்கொண்டு தினமும் மூன்று மாடி ஏறினார். அதுவாவது பரவாயில்லை. சார்ஜரில் சொருகியதும் சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. சிவப்பு என்றால் ரிஜெக்ட். உடனே பிடுங்கிவிட்டார். மறுபடி சொருகினார், மறுபடி சிவப்பு, மறுபடி பிடுங்கினார். மறுநாள் காலை பாதி வழியில் வண்டி படுத்துவிட்டது. தள்ளிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனார்.

"சார், ரெட்டுன்னா சார்ஜ் ஏறிட்டிருக்குன்னு அர்த்தம். ஃபுல்லானதும் கிரீன் வரும்" என்றார் கடைக்காரர்.

"நல்லா வேலை செய்ற பொருளுக்குப் போய் எவன்யா ரெட்டு வெச்சான்?" என்று இவர் அவரிடம் சண்டை. அன்றைக்கும் லேட்.

அடுத்த வாரம் பெட்ரோல். கிக்கென்று கிளம்பும், வழியில் தீர்ந்தால் பங்க்கில் ஊற்றிக்கொள்ளலாம், மாடிக்குத் தூக்க வேண்டாம். ஆனால் அது கிளப்பிய சத்தத்தில் ஆஸ்டின் டவுனில் மூன்று தெருவுக்கு அலாரமே தேவைப்படவில்லை. பெட்ரோலில் ஒரு மூடி ஆயில் கலக்க வேண்டும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். ஒரு மூடி என்றால் எவ்வளவு? அந்த மூடியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து ஆழம் அளந்தார், விட்டம் அளந்தார், வட்டமே சரியில்லை என்று கண்டுபிடித்தார். மூடிக்கு மஞ்சள் அட்டை கட்டி மேஜைமேல் வைத்துவிட்டார். நாங்கள் ஒருவரும் அதைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் சிக்னலில் டிராஃபிக் போலீஸ்காரர் கையைக் காட்டினார்.

"ஏன்ரீ இது? சைக்கிளா, பைக்கா?"

"அதத்தான் சார் நானும் யோசிச்சுக்கினு கீறேன். பெடல் கீது, அப்ப சைக்கிள். என்ஜின் கீது, அப்ப பைக். பெடல் மிதிச்சா டாக்டர் திட்டறாரு. என்ஜின் போட்டா நீங்க நிறுத்தறீங்க. நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க சார்."

"லைசென்ஸ்?"

"அதுக்குத்தான் சார் மூணு தபா டெஸ்டுக்குப் போனேன். அந்த எட்டுல நடுவுல ஒரு எடம் வரும் பாருங்க..."

பத்து நிமிஷம் விளக்கியிருக்கிறார். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "ஹோகி சார், தள்ளிக்கினு ஹோகி" என்று கும்பிட்டு அனுப்பிவிட்டாராம். தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்பது.

லைசென்ஸ் இல்லாதவருக்கு அந்த இடத்திலேயே விடை கிடைத்திருக்க வேண்டும். சின்ன பேட்டரி சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று கடைக்காரரே சொல்லியிருந்தார். ஆனால் எல்லோ டேக் போட்ட ரிப்போர்ட்டில் மொத்தம் முப்பத்திரண்டு வரி. அதில் லைசென்ஸ் ஒரு வரி. 'மழை', 'நாய் துரத்தினால்', 'வீட்டம்மா அபிப்பிராயம்' எல்லாவற்றுக்கும் அதே மதிப்பு. கூட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் சரிசமமான மார்க். இரண்டையும் ஹோல்டில் போட்டுவிட்டு மறுபடி பஸ்ஸில் வர ஆரம்பித்தார்.

ஆயுத பூஜைக்கு நாலு நாள்தான் இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. மத்தியானம் எதிர் பேக்கரிக்கு இழுத்துக்கொண்டு போய், டீயைக் கையில் கொடுத்துவிட்டுக் கத்தினேன்.

"இன்னாண்ணா நெனச்சுக்கினு கீற? வேலை போவப்போவுது. சத்தம் கெடயாது, போலீஸ் தொல்லை கெடயாது, பேட்டரியத்தான் எடுத்துத் தொலையேன்!"

"பேட்டரிய மூணு மாடி தூக்கணுமேப்பா."

"எதுக்குத் தூக்கற? பகல்ல உன் டேபிள் கீழயே சார்ஜ் போடு. ஓனரை நான் கேக்கறேன்."

ரிப்போர்ட்டின் முப்பத்திரண்டு வரியிலும் அது இல்லை. டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"பேட்டரிதான்னு எனக்கு முன்னயே தெரியும்பா. ஆனா இருபத்திரண்டு வருஷமா உங்க எல்லார் ஜாபையும் தப்பு தப்புன்னு சொல்லிக்கினு கீறேன். நானே ஒண்ணு எடுத்து, அது தப்பாப் போச்சுன்னா? பட்டறையே கைகொட்டிச் சிரிக்கும். அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அந்த டேபிள்ல உக்காருவேன்?"

இந்த மனுஷர் அளந்துகொண்டிருந்தது வண்டியை அல்ல, எங்களை.

"ஒருத்தனும் சிரிக்க மாட்டான். நான் சொல்றேன், எடு" என்றேன். சுத்தப் பொய். எங்கள் பட்டறையில் ஒருவன் புதுச் சட்டை போட்டு வந்தாலே மூன்று நாளைக்குச் சிரிப்பார்கள்.

மேஜைக்கடியில் சார்ஜ் போட்டுக்கொள்ள முதலாளி தலையாட்ட, எல்லோ டேக் பேட்டரியே வாங்கி, என்றைக்கு ஓட்டி வருவார் என்பதையும் என்னிடம் சொல்லிவிட்டார். பூஜைக்கு முந்தின நாள் காலை. ஏழு ஐம்பதுக்குத் தெருமுனையில் தெரிந்தார். தலையில் ஹெல்மெட். சுள்ளென்ற வெயிலில் ரெயின்கோட். பேட்டரிக்குக் குளிராமல் இருக்க வீட்டம்மா பின்னிக் கொடுத்த பச்சைக் கம்பளி உறை. ஹேண்டில்பாரில் பக்கத்துக்கு இரண்டு கண்ணாடி. நடந்தால் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கலாம் என்கிற வேகம். பின்னால் வந்த தள்ளுவண்டிக்காரர் ஒருவர், "ஸ்வல்ப சைடு குடுங்க சார்" என்று கேட்டு அவரை முந்திக்கொண்டு போனார்.

கேட்டில் நின்ற பதினெட்டுப் பேரும் வாயைத் திறக்கவில்லை. ஒருவன் உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான். இன்னொருவன் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தவன் நிமிரவே இல்லை. முதலாளி கடிகாரத்தைப் பார்த்து, "குட், டைமுக்கு முன்னாடியே வந்துட்டீங்க" என்று உள்ளே போய்விட்டார்.

எல்லோ டேக் வண்டியை விட்டு இறங்கினார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தார்.

"இன்னாப்பா, ஒருத்தனும் சிரிக்கல? வண்டில பெருசா ஏதாச்சும் தப்பா?"

"ஒரு தப்பும் இல்லண்ணா. நல்லா கீது."

"நெஜமாவா?"

"நெஜமா."

குழப்பம் தீராமலே உள்ளே போய் மேஜையில் உட்கார்ந்தார். இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

விஷயம் அவருக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும். அன்றைக்கு ஆறரை மணிக்கே பட்டறைக்குப் போய், வந்த ஒவ்வொருவனையும் கேட்டிலேயே நிறுத்தி, "அவர் எப்டி வந்தாலும் சிரிக்காதீங்கடா, வேணும்னா கால்ல வுழறேன்" என்று கெஞ்சியவன் நான். அந்த மேஜையில் வேறு ஒருவர் உட்கார்ந்திருப்பதை என்னால் பார்த்திருக்கவே முடியாது.