வீட்டுக்கார அம்மாள் உன்னைக் கூப்பிடுவார்

மார்ச் 9. இன்றைக்கு எனக்கு வயது எழுபத்தாறு ஆண்டு, நான்கு மாதம், ஒரு வாரம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கீழே வரும் எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம் என்று இங்கே அனைவரும் சொல்கிறார்கள்.

அன்புள்ள தம்பிக்கு, அக்கா எழுதுவது. நான் நலம். நீயும் உன் மனைவியும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் அவள் இதற்குள் போன் செய்திருப்பாள்.

வருகிற வியாழக்கிழமை காலை ஒரு வீட்டுக்கார அம்மாள் உன்னைத் தொலைபேசியில் அழைத்து, "உங்க அக்காவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்பார். நீ "ஆமாம்" என்று சொல்ல வேண்டும். காரணம் கேட்காமல் நீ எதையும் செய்ததில்லை என்பதால் இந்தக் கடிதம்.

நான் குடியிருக்கும் வீட்டை இம்மாத இறுதிக்குள் காலி செய்ய வேண்டும். வீட்டுக்காரரின் மகன் இதைச் சனி, ஞாயிறுகளில் நகரத்திலிருந்து வருகிறவர்களுக்கு விடப்போகிறானாம். என் படுக்கையறையில் நின்றுகொண்டு, "மேடம், நாங்க விக்கிறது அமைதியைத்தான்" என்றான். இத்தனை காலம் அந்த அமைதியை இனாமாக அனுபவித்திருக்கிறேன். பழைய பாக்கி கேட்பானோ என்று வாயை மூடிக்கொண்டேன். கிராமப்புறம்தானே, வாடகை சொற்பம்தானே என்பாய். அது நீ கடைசியாக வந்தபோது இருந்த கிராமப்புறம். இப்போது பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. மீதியின் வாடகையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. பள்ளிக்கூட அறிவியல் ஆசிரியை ஒரு டாக்டர் வீட்டுக் கார் ஷெட்டில் குடியிருக்கிறாள். கார் வெயிலில் நிற்பதற்கும் சேர்த்து வாடகை. மருத்துவமனை நர்ஸ் இரண்டு பஸ் மாறி வருகிறாள். அவள் வந்து சேரும்வரை காய்ச்சல்காரர்கள் பெஞ்சில் காத்திருக்கிறார்கள். எதிர்ப் பண்ணைக் கோழி இடுகிற முட்டை நகரத்துக்குப் போய், அட்டைப்பெட்டிக்குள் ஏறிக்கொண்டு, நகரத்து விலையோடு திரும்பி வருகிறது. அந்தக் கோழியை ஜன்னல் வழியாக தினமும் பார்க்கிறேன். அதற்கே வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் ஓய்வூதியத்துக்குள் அடங்கும் என்று தரகர் காட்டியவை மூன்று. முதலாவது, உர மூட்டை வைத்திருந்த அறை. "வாசனை போயிடும்மா" என்றார். "எப்போ?" என்றேன். "உங்களுக்குப் பழகினதும்." இரண்டாவதற்கு ஏணியில் ஏற வேண்டும். மூன்றாவது உண்மையிலேயே வீடு: இரண்டு அறை, தண்ணீர் வருகிற குழாய். வீட்டுக்கார அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்து, "தனியா இருக்கிற வயசானவங்களுக்குக் குடுக்கறதில்லம்மா. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா?" என்றார்.

"அப்படி ஆனா கஷ்டம் எனக்குத்தானே?"

"உங்களுக்கென்ன, நிம்மதியா போய்ச் சேந்துடுவீங்க. அப்புறம் அந்த வீட்டுக்கு யாரு குடி வருவா?"

கல்லூரியில் தர்க்கவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். அந்த வாதத்தில் ஓட்டை தேடிக்கொண்டே படியிறங்கினேன்.

ஆகவே மறுநாள் பம்புக்காரரை அழைத்துக்கொண்டு போனேன். பண்ணைகளில் கிணற்று மோட்டார் பழுது பார்ப்பவர், மனைவியை இழந்தவர், பின்தெருவில் இருக்கிறார், அவர் குடியிருக்கும் வீட்டையும் விற்றுவிட்டார்கள். நாங்கள் கணவன் மனைவி என்று அறிவித்தேன். அம்மாள் அவரைத் தனியே மடக்கினார்.

"அம்மாவுக்கு என்னங்க பிடிக்கும்?"

"நான் பேசாம இருந்தா பிடிக்கும்."

"கோவம் வருமா?"

"பேசினா வரும்."

அம்மாளுக்கு முக்கால்வாசி நம்பிக்கை வந்துவிட்டது. அதற்குள் மருமகள் உள்ளேயிருந்து, "அத்தே, இவங்க ரெண்டு பேரும் வேற வேற தெருவுல இருக்காங்க, விசாரிச்சுட்டேன்" என்றாள். ஏன் என்று கேட்டார் அம்மாள். "குறட்டை" என்றேன் நான். "புத்தகம்" என்றார் அவர். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன.

அதனால்தான், கூடப்பிறந்தவர் வாயால் கேட்டால்தான் சாவி என்கிறார். உன் எண்ணைக் கொடுத்துவிட்டேன். அதே வீட்டுக்கு இன்னும் இரண்டு குடும்பங்கள் வாசலில் நிற்கின்றன. நீ கொஞ்சம் தயங்கினாலும் எனக்கு உர அறைதான். பொய்தான், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஒரே ஒரு சொல். நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்து காலமெல்லாம் பிறர் பொய்யைக் கேட்டவனுக்கு, ஒன்றைச் சொல்ல வேறு பயிற்சி எதற்கு?

உன் மூட்டுவலி குறையவும், உன் மனைவி பார்க்கும் சீரியல் என்றாவது முடியவும் விரும்பும்,
உன் அக்கா.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் படித்துப் பார்த்தேன். உன்னால் முடியாது. "ஆமாம்" என்பதற்கு முன் தொண்டையைச் செருமுவாய். வீடு கைநழுவிப் போகும். ஆகையால் தெரிந்துகொள்: அது பொய் இல்லை. நானும் அவரும் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். சான்றிதழைக் காட்டினால், "பேப்பரெல்லாம் இப்ப யாரு வேணா அடிக்கலாம்மா" என்கிறார் அந்த அம்மாள். உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் உண்டு. சொல்லியிருந்தால், உன் மனைவி அழுதுகொண்டே வந்து எங்களை ஒரே வீட்டில் குடிவைத்துவிட்டுத்தான் ஊர் திரும்பியிருப்பாள். இரண்டு தெரு, இரண்டு வாடகை, இரண்டு கதவு. ஒன்பது ஆண்டில் ஒரு சண்டை இல்லை. அந்த வசதி இனி எங்களுக்குக் கட்டுபடியாகாது. வியாழக்கிழமை தயங்காமல் சொல். வீடு கிடைக்காதோ என்று இத்தனை நாள் தூக்கம் வரவில்லை. இப்போது, கிடைத்துவிடுமே என்று வரவில்லை.