என் கணவரின் கல்லீரலை நான் இடம் மாற்றிய கதை

உடம்பில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாமலேயே ஒரு மனுஷி முப்பது வருஷத்துக்கு மேல் சௌக்கியமாக வாழ்ந்துவிடலாம். நானே அதற்குச் சாட்சி. எங்கள் வீட்டில் கழுத்துக்குக் கீழே, தொடைக்கு மேலே இருப்பது எல்லாமே வயிறுதான். அங்கே எது வலித்தாலும் அது கேஸ். இந்த மருத்துவ அறிவை வைத்துக்கொண்டு சேலையூரில் ஒரு குடும்பம் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கெடுத்தது மெடிக்கல் கோடிங்.

மெடிக்கல் கோடிங் என்றால் வெளிநாட்டு டாக்டர்கள் எழுதியதைப் படித்து, இன்ன வியாதி, இன்ன வைத்தியம் என்று ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய எண்ணைப் போட்டு இன்ஷூரன்ஸுக்கு அனுப்புகிற வேலை. (எங்கள் தெருவில் பாதிப் பேர் நான் டாக்டருக்குப் படிப்பதாக நினைத்து மாத்திரைச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினார்கள். மீதிப் பேர் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று நினைத்தார்கள்.) பி.காம். முடித்து, மகள் பிறந்ததும் வேலையை விட்டு, டிபன் பாக்ஸ் மூடி தேடுவதையே தொழிலாகச் செய்துகொண்டிருந்த எனக்கு ஒரு கம்பெனி வேலை தர ஒப்புக்கொண்டது. ஒரே நிபந்தனைதான். ஆன்லைனில் ஒரு கல்லூரி நடத்தும் அனாட்டமி, ஃபிஸியாலஜி கோர்ஸில் அந்த மாதத்துக்குள் பாஸ் ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த நாற்காலி வேறு யாருக்கோ. இன்னொரு கம்பெனி என்னைக் கூப்பிடும் என்ற நம்பிக்கை எனக்குத் துளியும் இல்லை.

"ஆன்லைன்தானே? புக்கைப் பக்கத்துல வெச்சுப் பாத்துப் பாத்து எழுதிட வேண்டியதுதான" என்றார் என் நாத்தனார் வசந்தி அக்கா. ஊரப்பாக்கத்தில் இருக்கிறார். என் கணவரின் அக்கா. அவர் வாயில் ஒரு செய்தி விழுந்தால் மின்சார ரயிலைவிட வேகமாகச் செங்கல்பட்டு போய்ச் சேரும்.

பாத்துப் பாத்து எழுதுவதாம். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எலும்புகளின் பெயர்களை நான் வெண்டைக்காய் நறுக்கும்போது படித்தேன். ரத்த ஓட்டத்தை கேம்ப் ரோடு டிராஃபிக்கில் ஸ்கூட்டரில் நின்றபடி படித்தேன். நம் பாஷையாவது ஒத்தாசை செய்ததா? கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என்று சம்பந்தமே இல்லாத மூன்று உறுப்புகளுக்கு ஈரல் என்று பெயர் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் யாரும் பரீட்சை எழுதவில்லை போலிருக்கிறது.

எழுத்துத் தேர்வுகளில் நல்ல மார்க்கே வாங்கினேன். (இதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை என்பதால் நானே சொல்லிக்கொள்கிறேன்.) கடைசியில் வாய்மொழித் தேர்வு என்று ஒன்றை வைத்தார்கள். வீட்டில் உள்ள ஒரு ஆளை மாடலாக நிறுத்த வேண்டும். அவர் உடம்பின் மேல் உள்ளுறுப்புகள் இருக்கும் இடங்களைப் பேனாவால் வரைந்து, கேமராவில் எக்ஸாமினருக்குக் காட்டி விளக்க வேண்டும். மாடல் வாய் திறக்கக் கூடாது. பதில் எடுத்துக் கொடுத்துவிடுவாராம். எங்கள் வீட்டு மாடல் எனக்கு எடுத்துக் கொடுக்கிற அளவுக்கு இருந்தால் நான் ஏன் இந்தப் பாடு படுகிறேன்?

மாடல் என்றால் என் கணவர் பாஸ்கர்தான். மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறார். இடது கதவுக்கான பாகம், வலது கதவுக்கான பாகம் என்று பிரித்து, ஒன்று மாறினாலும் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்புகிறவர். இந்தத் தகவலைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் ஆத்திரத்தில் பாதிக்கு அதுதான் காரணம்.

ஞாயிற்றுக்கிழமை காலை தேர்வு. மகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள வசந்தி அக்கா வந்திருந்தார். "மிக்ஸி போடாதீங்க, குக்கர் வைக்காதீங்க, ஃபோன் பேசாதீங்க" என்று சொல்லி இருவரையும் சமையலறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். பாஸ்கர் சட்டையைக் கழற்றிவிட்டு ஹாலில் நின்றார். வரைவதற்கு என்னிடம் இருந்த ஸ்கெட்ச் பேனா வியர்வையில் வழிந்தது. அவர் பையிலிருந்து தொழிற்சாலை மார்க்கர்களை எடுத்தேன். சிவப்பு, ரிஜெக்ட் ஆன பாகத்துக்கு. பச்சை, பாஸ் ஆன பாகத்துக்கு. சிவப்புதான் கேமராவில் எடுப்பாகத் தெரியும் என்று அதையே எடுத்தேன்.

இனிமேல்தான் என் புத்திசாலித்தனம். சும்மா கண்ணால் பார்த்து வரைகிற ஆள் இல்லை நான். எக்ஸாமினர் பார்க்கப்போவது திரையில்தானே? அப்படியானால் திரையில் சரியாகத் தெரிய வேண்டும். லேப்டாப் கேமராவை ஆன் செய்து, பாஸ்கரை அதன் எதிரே நிறுத்தி, புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்து, திரையைப் பார்த்துப் பார்த்தே வரைந்தேன். புத்தகத்தில் கல்லீரல் பக்கத்தின் இடது ஓரமாக இருந்தது. திரையிலும் இடது ஓரமாக வரும்படி போட்டேன். இதயம், மண்ணீரல், இரைப்பை, அப்பெண்டிக்ஸ் எல்லாம் அப்படியே. முடித்துவிட்டுப் பார்த்தால் புத்தகத்துப் படத்துக்கும் திரையில் நின்ற பாஸ்கருக்கும் தொப்பையைத் தவிர ஒரு வித்தியாசமும் இல்லை.

"உமா, ஒரு டவுட்டு" என்றார் அவர்.

"மாடல் பேசக் கூடாதுங்க."

அவரும் விட்டுவிட்டார். ஒரு கதவுக் கைப்பிடி மாறினால் லாரியையே திருப்பி அனுப்புகிற மனுஷன், தன் இதயத்தை மாற்றி மாட்டும்போது தேமே என்று நின்றார்.

எக்ஸாமினர் வயதானவர், மிக மரியாதையானவர். "ஆரம்பிங்க மேடம்" என்றார். நான் கடகடவென்று ஆரம்பித்தேன். கல்லீரல் எந்த விலா எலும்பு வரை வரும், என்ன சுரக்கும், எதைச் சேமிக்கும் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"ஒரு நிமிஷம் மேடம். உங்க ஹஸ்பெண்டுக்கு லிவர் லெஃப்ட்லயா இருக்கு?"

நான் திரையைப் பார்த்தேன். எல்லாம் புத்தகப்படியே இருந்தது. "புக்ல இருக்கற மாதிரிதான் சார் இருக்கு."

"எனக்கு அப்படித் தெரியலையே. ஹார்ட் ரைட்ல இருக்கு. அப்பெண்டிக்ஸ் லெஃப்ட்ல இருக்கு. எல்லாமே பக்கம் மாறியிருக்கு." அவர் சிரித்தார். "ஒண்ணு நீங்க தப்பா வரைஞ்சிருக்கணும். இல்லைன்னா அவருக்கு சைட்டஸ் இன்வெர்ஸஸ் இருக்கணும்."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அது இரண்டு கதவாகத் தெரிந்தது. ஒன்றின் பின்னால் ஃபெயில், டிபன் பாக்ஸ் மூடி, ஆயுள் முழுக்க "ஆன்லைன்லயே பாஸ் பண்ண முடியலையா?" இன்னொன்றின் பின்னால் சைட்டஸ் இன்வெர்ஸஸ். பத்தாயிரத்தில் ஒருத்தருக்கோ என்னவோ உள்ளுறுப்பெல்லாம் கண்ணாடியில் பார்த்ததுபோல் பக்கம் மாறிப் பிறக்குமாம். பாடத்தின் ஓரத்தில் ஒரு கட்டத்துக்குள் போட்டிருந்தார்கள். நான் கட்டத்தையும் விடாமல் படித்தவள்.

"ரெண்டாவது சார்" என்றேன்.

அந்த மனிதர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "நிஜமாவா? இத்தனை வருஷமா பாடம் நடத்தறேன், ஒரு ஆளைக்கூட நேர்ல பார்த்ததில்ல. எப்பக் கண்டுபிடிச்சாங்க?"

"சின்ன வயசுலயே சார்."

"ரொம்ப சந்தோஷம். சார், நீங்க பேசலாம், நான் பர்மிஷன் தர்றேன். உங்களுக்கு இது எப்பத் தெரியும்?"

பாஸ்கரைத் திரும்பிப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை. கோர்ஸ் படித்த மனைவியும் எக்ஸாமினரும் சேர்ந்து சொன்னால் பொய்யாகவா இருக்கும்?

"இப்பத்தான் சார்" என்றார்.

சமையலறையில் ஒரு கரண்டி கீழே விழுந்த சத்தம் கேட்டது.

எக்ஸாமினர் என்னைப் பார்த்தார். "அவர்கிட்டயே சொல்லலையா மேடம்?"

"பயந்துடுவாருன்னு சொல்லலை சார்." (எங்கிருந்துதான் வந்ததோ. வாய் தானாகப் பேசியது.)

"பயப்பட ஒண்ணுமே இல்ல சார்" என்று அவர் பாஸ்கருக்குத் தைரியம் சொன்னார். "நார்மலா வாழலாம். எங்க, வலது பக்கம் நெஞ்சுல கையை வெச்சு, துடிப்பு எங்க தெரியுதுன்னு காட்டுங்க."

பாஸ்கர் சிவப்பு இதயத்தின் மேல் கையை வைத்தார். கொஞ்சம் மேலே நகர்த்தினார். கீழே நகர்த்தினார். அழுத்தினார். நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது. அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

"சார், ஓடலை சார்."

கதவு படீரென்று திறந்தது. வசந்தி அக்கா ஒரு கையில் ஃபோனும் இன்னொரு கையில் என் மகளுமாக ஓடிவந்து லேப்டாப்புக்குள்ளேயே தலையை விட்டார். "டாக்டர், எங்க வீட்ல யாருக்கும் அப்படியெல்லாம் கிடையாது. நல்லா இருக்கற புள்ளையத்தான் கட்டிக் கொடுத்தோம். இங்க வந்தப்புறம்தான் எது ஆனாலும் ஆயிருக்கணும்."

எக்ஸாமினருக்கு அந்த இடத்தில் ஏதோ பிடிபட்டுவிட்டது. "சார், இடது பக்கம் கையை வைங்க" என்றார். பாஸ்கர் வைத்தார். முகம் மெல்லத் தெளிந்தது. "ஓடுது சார். ரொம்ப வேகமா ஓடுது."

பிறகு எக்ஸாமினர், "மேடம், ஸ்க்ரீனைப் பார்த்துக்கிட்டே வரைஞ்சீங்களா?" என்று கேட்டார்.

நமக்குத் தெரிகிற நம் படத்தை லேப்டாப் கண்ணாடி மாதிரி இடம் வலம் மாற்றிக் காட்டுமாம். எதிரில் பார்க்கிறவருக்கு நேராகப் போகுமாம். ஒரே படத்தை எனக்கு ஒரு மாதிரி, அவருக்கு ஒரு மாதிரி காட்டுகிற அயோக்கியத்தனத்தைப் பற்றி அந்தக் கோர்ஸில் ஒரு வரி இல்லை. இப்படி ஒரு வசதியை யார் கேட்டார்கள்? பொட்டு நேராக இருக்கிறதா என்று பார்க்க எங்கள் வீட்டில் கண்ணாடி இல்லையா? "பொய் சொன்னது தப்புதான் சார்" என்று ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டேன். ஆனால் அதைச் சொல்லும்போதுகூட லேப்டாப்பை முறைத்துக்கொண்டுதான் சொன்னேன். அழுகை வந்தது. அவமானத்தில் பாதி, கோபத்தில் பாதி.

"அழாதீங்க. சொன்ன விளக்கமெல்லாம் சரி, பக்கம்தான் தப்பு. அழிச்சுட்டு மறுபடி வரைங்க. இந்தத் தடவை ஆளைப் பார்த்து" என்றார் அந்தப் புண்ணியவான்.

அழிக்கவா? எண்ணெய் படிந்த இரும்பில் நிற்கிற மார்க்கர் அது. சோப்பு, தேங்காய் எண்ணெய், வசந்தி அக்காவின் முந்தானை, எதற்கும் அசையவில்லை. வேறு வழியில்லாமல் பச்சை மார்க்கரை எடுத்து, சரியான பக்கத்தில் எல்லாவற்றையும் மறுபடி வரைந்தேன். பாஸ்கருக்கு இரண்டு இதயம், இரண்டு கல்லீரல், இரண்டு அப்பெண்டிக்ஸ் ஆயின. எக்ஸாமினர் பச்சையை மட்டும் பார்த்து மார்க் போடுவதாகச் சொன்னார். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். பாஸ் ஆனேன். வேலையும் கிடைத்தது.

ஆனால் அதற்குள் வசந்தி அக்கா சமையலறையிலிருந்தே ஊரப்பாக்கத்துக்கும் செங்கல்பட்டுக்கும் தகவல் சொல்லி முடித்திருந்தார். பாஸ்கருக்கு நெஞ்சு பக்கம் மாறிவிட்டது என்ற செய்தி எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. மாறவில்லை என்ற செய்தி ஒரு வீட்டுக்கும் போகவில்லை. அவருடைய சித்தப்பா ஃபோன் செய்து, "ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லும்மா, தானா நகர்ந்து வந்துரும்" என்று எனக்கு வைத்தியம் சொன்னார். மார்க்கர் போக ரொம்ப நாள் ஆனது. தொழிற்சாலையில் சட்டை மாற்றும்போது யாரோ பார்த்துவிட்டு, சிவப்பும் பச்சையும் சேர்ந்து இருக்கிறதே, இந்தப் பீஸை அனுப்பலாமா வேண்டாமா என்று கேட்டார்களாம். அதை அவர் வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போதும் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து "லெஃப்ட்ல திரும்புங்க" என்று சொன்னால், வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "நிஜ லெஃப்டா, உன் லெஃப்டா?" என்று கேட்கிறார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துத் திட்டுகிறான். திட்டு வாங்குவது நான்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். போன மாதம் ஊரப்பாக்கத்தில் ஒரு கிரகப்பிரவேசம். மூன்று வருஷமாக நான் கோடிங் வேலையில் இருக்கிறேன், சீனியர் ஆகிவிட்டேன், எனக்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்கள். வசந்தி அக்கா என் தோளைப் பிடித்து, முன்பின் தெரியாத நாலு பேர் நடுவில் நிறுத்தினார். "இவதான் என் தம்பி பொண்டாட்டி. உடம்பைப் பத்திப் பெரிய படிப்பு. பரீட்சையில இவ பாஸு. பேருலயே பாஸ் வெச்சிருக்கற என் தம்பிதான் ஃபெயிலு" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். பாஸ்கரும் சிரித்தார். முழுக் கதையையும் சொல்லச் சொல்லி வசந்தி அக்காவைச் சுற்றி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். நான் பந்திக்குப் போய்விட்டேன். அவர்கள் எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும், பாஸ் ஆனது நான்தானே.