வரம்பை விடுவதா, விடாததா

ஒரே கேள்விக்கு ஒரே பிற்பகலில் நாற்பத்தொரு முறை ஓட்டெடுத்த நகராட்சி உலகத்திலேயே எங்கள் ஹாவ்ஸ்டாட் ஒன்றுதான். எங்கள் மினசோட்டா மாநிலத்தில் ஏரிகள் பத்தாயிரம் இருக்கலாம், இப்படி ஒரு நகராட்சி இன்னொன்று கிடையாது.

மூன்றாவது ஓட்டெடுப்பு முடிந்தபோதே நகராட்சிச் செயலாளர் ஆர்லிஸ் தோர்சனுக்குக் கண் இருட்டியது.

கேள்வி சின்னதுதான். நகராட்சி மீது வழக்குப் போட்டு ஜெயிப்பவருக்குக் கொடுக்கும் நஷ்டஈட்டுக்குச் சட்டம் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பை நகராட்சி விட்டுக்கொடுக்கிறதா, இல்லையா? படிவத்தில் இரண்டு பெட்டி. ஒன்றில் குறியிட்டு ஐந்து மணிக்குள் காப்பீட்டு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். தவறினால் நாளை முதல் காப்பீடு இல்லை. காப்பீடு இல்லாமல் நகராட்சிக் கூடத்தைத் திறக்க முடியாது. நாளைக் காலை அதே கூடத்தில்தான் ஆர்லிஸின் மகள் பிரிட்டாவுக்குக் கல்யாணம். நூற்றெண்பது பேர் வருகிறார்கள்.

"வரம்பை விட்டுக்கொடுக்க வேண்டாம். இதுதான் தீர்மானம். மேயர், உங்க ஓட்டு?"

"ஆமா, இல்ல" என்றார் மேயர் வெர்லின் ஹாகன்.

எங்கள் ஊரில் 'ஆமா, இல்ல' என்றால் இல்லை. 'இல்ல, ஆமா' என்றால் ஆமாம். 'ஆமா, இல்ல, நிச்சயமா' என்றால் முழுச் சம்மதம். பிறந்த குழந்தைக்கும் இது புரியும். படிவத்துக்குத்தான் புரியாது.

"தீர்மானத்துக்கு இல்லையா, வரம்பை விடறதுக்கு இல்லையா?"

"விட வேண்டாங்கறதை நான் வேண்டாம்னு சொல்லல ஆர்லிஸ்."

"அப்ப வேணுமா?"

"வேண்டாங்கறது வேணும். வரம்பை விட்டா காப்பீட்டுக் கட்டணம் ஏறும். பனி தள்ளற வண்டிக்கு டயர் யார் வாங்கறது?"

சபை உறுப்பினர் லவோன் காபிக் கோப்பையை டக்கென்று வைத்தாள். "பனியில விழுந்து இடுப்பு ஒடஞ்சவன்கிட்டப் போய் டயர் கதை சொல்லுவியா வெர்லின்? விடலாம். எனக்கு, இல்ல, ஆமா."

"தீர்மானமே விட வேண்டாம்னுதான். நீங்க ஆமான்னா விட வேண்டாம்னு ஆயிடும்."

"அப்ப ஆமா, இல்ல."

அடுத்து உறுப்பினர்கள் டெல்மர், எல்மர்; அண்ணன் தம்பி. அண்ணன் எதைச் சொன்னாலும் தம்பி அதற்கு எதிர். அன்றைக்கு அண்ணன் என்ன சொன்னார் என்பது அண்ணனுக்கே தெரியாததால் தம்பி தவித்துப்போனார்.

"மறுபடி சொல்லுண்ணே. நான் எதை எதிர்க்கணும்?"

ஐந்தாவது நாற்காலியில் புது உறுப்பினர். முன்பு அதில் இருந்த பர்டெட் கிழவர் அரிசோனாவுக்குக் குடிபோய்விட, ஏரிக்கு அக்கரையில் இருக்கும் ஒருவரை மேயர் முகம்கூடப் பார்க்காமல் தொலைபேசியிலேயே நியமித்திருந்தார். ஒரு மணிக்கு வாசலில் தயங்கி நின்றவரை ஆர்லிஸ்தான் கூட்டி வந்து, காபி ஊற்றிக் கொடுத்து உட்கார வைத்தாள்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல. உங்களுக்கு எது தோதோ, அது."

ஆர்லிஸ் தீர்மானத்தைத் தலைகீழாக்கிப் பார்த்தாள். லவோனும் மேயரும் பழைய பதிலையே சொல்லிக் கட்சி மாறிப்போனார்கள். கை தூக்கச் சொன்னாள். புது உறுப்பினரின் கை பாதி ஏறி, முகம் சுளித்து, இறங்கிவிட்டது. பாதிக் கைக்கு என்ன கணக்கு என்று முக்கால் மணி நேரம் வாதம் நடந்தது. 'விடலாம்' என்பவர்கள் காபி மேசைப் பக்கம், 'வேண்டாம்' என்பவர்கள் ஜன்னல் பக்கம் என்றாள். மேசையில் ருபார்ப் கேக் இருந்ததால் ஐந்து பேரும் அங்கேயே போய் நின்றார்கள். துண்டுச் சீட்டில் எழுதச் சொன்னாள். ஐந்து சீட்டிலும் 'மற்றவர்கள் விருப்பப்படி' என்று இருந்தது.

நாற்பதாவது ஓட்டு முடிந்தபோது மணி நாலு ஐம்பது. ஆர்லிஸ் படிவத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"விடறது, விடாதது எதுவும் வேண்டாம். நம்ம பனியில ஒருத்தர் விழுந்து அடிபட்டா, அவருக்குக் குறைச்சலாக் குடுக்கணுமா, நிறையக் குடுக்கணுமா? ஒரே வார்த்தை."

"குறைச்சலா" என்றார் மேயர்.

"நிறைய" என்றாள் லவோன்.

"குறைச்சலா" என்றார் டெல்மர்.

"நிறைய" என்றார் எல்மர், நிம்மதியாக.

"நிறைய" என்றார் புது உறுப்பினர். அன்று முழுக்க அவர் தயங்காமல் சொன்ன ஒரே சொல் அதுதான்.

மூன்றுக்கு இரண்டு. 'விட்டுக்கொடுக்கிறது' பெட்டியில் குறி விழுந்தது. நாலு ஐம்பத்தேழுக்குப் படிவம் போய்ச் சேர்ந்தது. ஐந்து மணிக்குக் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து கர்டிஸ் பிரிபில் கூப்பிட்டார். ஆர்லிஸ் ஸ்பீக்கரில் போட்டாள்.

"வந்துடுச்சும்மா. காப்பீடு தொடருது, கல்யாணத்தை ஜாம்ஜாம்னு நடத்துங்க. ஓட்டெடுப்பு நாற்பத்தொண்ணுன்னு எழுதியிருக்கீங்க. நாலுன்னு திருத்திக்கட்டுமா?"

"நாற்பத்தொண்ணுதாங்க."

"இருபத்தாறு வருஷமா இந்த வேலையில இருக்கேன், எங்கிட்டயேவா? சபையில இல்லாத வெளியாள் யாராவது பார்த்திருந்தாச் சொல்லச் சொல்லுங்க, நம்பறேன்."

எல்லோரும் பார்வையாளர் வரிசையைப் பார்த்தார்கள். காலி. ஐந்தாவது நாற்காலியில் இருந்தவர் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"நாற்பத்தொண்ணும் நடந்ததுங்க, நான் பார்த்தேன். நான் வெளியாள்தான். காலையில உங்க வாசப்படியில வழுக்கி விழுந்து, நஷ்டஈடு கேக்கலாம்னு வந்தேன். காபி ஊத்திக் குடுத்து உக்காருங்கன்னாங்க, மாட்டேன்னு சொன்னா மரியாதையா இருக்காதேன்னு உக்காந்துட்டேன்."