பூன்லர்ட் வீட்டுக் கத்தரிப்பூச் சுவர்

தாய்லாந்தின் அந்தச் சிற்றூர் வட்டார அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவாளராகப் பூன்லர்ட் பத்தொன்பது ஆண்டுகள் பழுதின்றிப் பணியாற்றினார். உயிரோடிருந்த காம் என்ற பெரியவர் பெயர் எப்படியோ இறந்தோர் பதிவேட்டில் ஏறிவிட்டது. அவர் போன வருஷம் முதல் திங்கட்கிழமைதோறும் வந்து நிற்பார். பூன்லர்ட் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் சொல்வார்: "நேர்ல வந்து நிக்கிறது உயிரோட இருக்கிறதுக்கு ஆதாரம் ஆகாது பெரியவரே. நாளைக்கு வாங்க."

இந்நிலையில்தான் வட்டார அதிகாரியின் மனைவி கைப்பேசியில் கத்தரிப்பூ நிற வீடொன்றின் படம் பார்த்தார். மறுநாளே சுற்றறிக்கை வந்தது. உலக நாகரிகம் இவ்வாண்டு கத்தரிப்பூ நிறத்துக்கு மாறிவிட்டபடியால், ஊழியர் அனைவரும் தத்தம் இல்லத்து முன்னறையை மேற்படி நிறத்தில் பூசி, புகைப்படத்தை மூன்று பிரதிகளில் சமர்ப்பிக்க வேண்டியது.

பூன்லர்ட் எந்தச் சுற்றறிக்கைக்கும் முதல் ஆளாகக் கீழ்ப்படிகிறவர். நாலு சுவர், திரைச்சீலை, மெத்தை உறை, ஈ விரட்டும் மட்டைகூட அதே நிறம். பூசி முடித்த கையோடு, கோப்புகளை அடுக்குவது பற்றிய மூன்று நாள் பயிற்சிக்குப் பாங்காக் போய்விட்டார். படத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று அவர் மனைவி மாலிவான் அதே நிறத்தில் ஓர் உடை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை கட்டியிருந்தால் வம்பில்லை. அந்த நாட்டில் கிழமைக்கொரு நிறம் உண்டு, அது சனிக்கிழமைக்குரியது. அவள் கட்டியது செவ்வாய்க்கிழமை. புருஷனை இழந்தவள் துக்கத்துக்கு உடுத்தும் நிறமும் அதுதான் என்பது ஊரில் குழந்தைக்கும் தெரியும். அலுவலகத்துக்கு மட்டும் தெரியாது, ஏனென்றால் அது எந்தக் கோப்பிலும் இல்லை.

பக்கத்து வீட்டு சுவான் அக்கா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கத்தரிப்பூச் சுவர், கத்தரிப்பூ உடை, வண்ணப்பூச்சு நெடியில் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் மாலிவான். புருஷனைக் காணோம். எப்படி நடந்தது என்று கேட்பது அநாகரிகம் என்பதால், நேரே ஊர்த்தலைவரிடம் ஓடினாள். பூன்லர்ட் இறந்ததாகத் தலைவர் கடிதம் கொடுத்தார். சாட்சிக்கு இரண்டு பேர் கிடைத்தார்கள். பூன்லர்டின் உதவியாளர் தவாட் கண்கலங்கிப் பதிவேட்டில் ஏற்றிவிட்டான். உடலைப் பார்க்க வேண்டியதில்லை, கடிதமும் இரு சாட்சியும் போதும் என்பது பூன்லர்டே எழுதி வைத்த விதி.

ஊரார் கஞ்சியும் பூவளையமுமாக வந்தார்கள். சுவரைப் பாராட்டத்தான் வருகிறார்கள் என்று மாலிவான் சிரித்த முகமாய் வாங்கி வைத்தாள்.

"பாவம், அதிர்ச்சியில சிரிக்கிறா," என்றாள் சுவான்.

வெள்ளிக்கிழமை காலை பூன்லர்ட் பெட்டியோடு வாசலில் வந்து இறங்கினார். சுவான் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினாள்.

"செத்தது தெரியாம வந்துட்டான்! யாரும் பேரைச் சொல்லிக் கூப்பிடாதீங்க, ஒட்டிக்குவான்!"

"அக்கா, நான் உயிரோட இருக்கேன்!"

"எல்லா ஆவியும் முதல்ல இதைத்தான் சொல்லும்."

பூன்லர்ட் பெட்டியை வாசலிலேயே போட்டார். பேயாக நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். பதிவேட்டில் ஏறிவிட்டால் அவ்வளவுதான், அதிலிருந்து யாரும் இறங்கியதில்லை என்பது அவருக்குத் தெரியாதா? அலுவலகத்துக்கு ஓடினார். அவர் நாற்காலியில் தவாட் உட்கார்ந்திருந்தான்.

"டேய் தவாட், என்னைத் தெரியலையா?"

"தெரியுதுண்ணே. ஆனா நேர்ல வந்து நிக்கிறது..."

"அது நான் சொன்னதுடா!"

"அதான் மீற முடியல. திருத்தம் போடணும்னா பதிவாளர் கையெழுத்து வேணும்."

"பதிவாளர் நான்தானே?"

"அவர் காலமாயிட்டாரேண்ணே."

வழக்கு வட்டார அதிகாரியிடம் போனது. "பூன்லர்ட், பதிவேடு தப்புன்னு சொன்னா பொதுமக்களுக்கு நம்பிக்கை போயிடும். நீங்க தப்புன்னு சொன்னா யாருக்கும் நஷ்டமில்ல. வேலையை மட்டும் விடாம பாருங்க," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தம் வீட்டு முன்னறையைப் படமெடுக்கப் போனார். அவர் மனைவியும் பொருத்தமாக ஓர் உடை வாங்கியிருந்தார். அவர்கள் வீட்டுக்கும் ஜன்னல் உண்டு, சுவானுக்கும் கால் உண்டு.

பத்தே நாளில் அதிகாரி, கணக்கர், கடைசியில் தவாட் என்று ஒருவர் பாக்கியில்லாமல் விதிப்படி இறந்தார்கள். மறுநாளும் எட்டரை மணிக்கு அலுவலகம் திறந்தது. பதினோரு மணிக்குத் தேநீர் வந்தது. வரிசையில் நின்றவர்கள் எந்த வித்தியாசத்தையும் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை பெரியவர் காம் வந்தார். கேள்விப்பட்டிருந்தார் போலும், முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை.

"தம்பி, இப்ப நீயும் நம்ம ஆளு. என் வயித்தெரிச்சல் உனக்குப் புரியும். ஒரு கையெழுத்து போடு."

பூன்லர்ட் பெரியவர் விரித்த காகிதத்தைத் தம் பக்கம் இழுத்தார். பேனாவை எடுத்தார், மூடியைத் திறந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சாப்பாட்டு நேரம் ஆயிடுச்சு பெரியவரே. நாளைக்கு வாங்க."

 காம் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி, மேசைமேல் அடுக்கியிருந்த வீட்டுப் படங்களை எட்டிப் பார்த்தார்.

"சரி, அதை விடு. இந்தச் சாயம் எந்தக் கடையில கிடைக்குது? பெரிய பெரிய அதிகாரி வீட்லல்லாம் இதுதானாமே, எங்கூட்டுக்காரி பிடுங்கி எடுக்கிறா."