நாணலுக்குள் வந்த குரல்

"இதுல என்னம்மா இருக்கு? துவைக்காத துணி மாதிரி ஒரு குருவி!" தொலைநோக்கியை இறக்கினார் பறவை ஆய்வாளர்.

அவரை அழைத்து வந்த தபால்காரி மறுபடியும் குச்சியைக் காட்டினாள். திங்கட்கிழமை இந்தச் சதுப்பு நிலத்தில் மண் கொட்டப்போகிறார்கள். அரிய ஈப்பிடிப்பான் குருவி இங்கே இருப்பதாக இவர் எழுதிக் கொடுத்தால்தான் லாரிகள் நிற்கும்.

"வாலைப் பாருங்க சார், கீழ்ப்பக்கமா ஆட்டுது. பூச்சியைப் பிடிச்சிட்டு அதே குச்சிக்கே திரும்பி வருது."

"இதே அச்சுல அஞ்சு வகை இருக்கு. அஞ்சும் வாலாட்டும், அஞ்சும் திரும்பி வரும். குரலைக் கேட்டாத்தான் எதுன்னு சொல்ல முடியும். இது வாயே திறக்க மாட்டேங்குதே!"

குருவி விருட்டென்று நாணலுக்குள் மறைந்தது. அவள் அசரவில்லை. தையல்காரக் கணவனை எட்டு மணிக்கே நாணலுக்குள் ஒளிந்துகொள்ளச் சொல்லியிருந்தாள். அந்தக் குருவி மாதிரியே கத்த ஒரு வாரப் பயிற்சி. அவனுக்கு ஜலதோஷம் என்று பக்கத்து வீட்டார் மாத்திரைகூடக் கொடுத்தார்கள்.

"பிட்ச்யூ!"

ஆய்வாளர் துள்ளினார். "அதேதான்! இருபது வருஷத்துல இவ்வளவு சுத்தமாக் கேட்டதில்லை!" மடமடவென்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அதோடு விட்டாரா? "கிட்டப் போய்ப் பார்த்துடுவோம்" என்று சேற்றில் காலை வைத்தார்.

"ஐயோ, பாம்பு இருக்கு சார்!"

"பாம்பா? கூட்டுக்கு ஆபத்தாச்சே!" இன்னும் வேகமாக நடந்தார்.

போதும், நிறுத்து என்பதுபோல் அவள் இருமினாள்.

"பிட்ச்யூ!"

பலமாக இருமினாள்.

"பிட்ச்யூ! பிட்ச்யூ!"

'இந்த மனுஷனுக்கு எதைச் சொன்னாலும் தலைகீழாத்தான் புரியும்' என்று பல்லைக் கடித்தாள்.

ஆய்வாளர் நின்றார். "நீங்க இருமினா அது பதில் சொல்லுதே?"

அவள் கைகூப்பினாள். "மன்னிச்சிடுங்க சார். அது குருவி இல்ல. எங்க வீட்டுக்காரர். தையக்கடை வச்சிருக்கார்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "தையக்காரர்கிட்டயா நான் ஏமாந்தேன்?" எழுதிய தாளை நாலாகக் கிழித்தார். நாணலைப் பார்த்துக் கத்தினார்: "வெளிய வாய்யா!"

"பிட்ச்யூ!"

"கொழுப்பைப் பாரு!"

பின்னால் சைக்கிள் உருளும் சத்தம் கேட்டு இருவரும் திரும்பினார்கள். கழுத்தில் அளவு நாடா தொங்க, வியர்க்க விறுவிறுக்கச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவள் கணவன் வந்துகொண்டிருந்தான்.

"கோவிச்சுக்காதம்மா, வழியில பஞ்சராயிடுச்சு. எந்தப் பக்கம் ஒளிஞ்சுக்கணும்?"