இது அழைப்பல்ல, அத்தை

நிஷ் நகரம்,
டிசம்பர் 20

பெருமதிப்புக்குரிய ரொசாந்தா அத்தைக்கு,

தம்பி மகள் துன்யா பணிவுடன் எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுதிவிட்டு, அது பொருந்துமா என்று யோசித்து, கட்டிலுக்கு மேலே உள்ள திரையில் அப்பாவின் இதயம் ஒழுங்காகக் கோடு போடுவதைப் பார்த்து, அப்படியே விட்டுவிட்டேன். நாங்கள் நலம். நீங்களும் உங்கள் முழங்கால்களும் பூனையும் நலம்தான் என்று நம்புகிறேன். எங்கள் வீட்டு எண்ணிலிருந்து வரும் போனை நீங்கள் எடுப்பதில்லை என்பதால், நாலு பஸ் நிறுத்தம் தள்ளி இருக்கும் உங்களுக்கு இந்தக் கடிதம் பக்கத்து வீட்டு ஸகோர்கா மாமி கையில் வருகிறது. "அக்காவுக்குச் சொல்லிடாத" என்று அப்பா நேற்றிலிருந்து பதினேழு தடவை சொல்லிவிட்டார். ஒரு தடவை சொல்லியிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை. நீங்கள் வரத் தேவையில்லை.

நேற்று நம் வீட்டுப் புனிதரின் நாள், ஸ்லாவா. ஆறு வருஷத்துக்கு முன் இதே நாளில் நீங்கள் அப்பா வேகவைத்து அரைத்த ஸ்லாவா கோதுமையை ஒரு கரண்டி வாயில் போட்டு, அத்தனை பேர் முன்னாலும், "மிலாதின், இது கோதுமையா, சரளைக்கல்லா?" என்று கேட்டதும், அவர் "பிடிக்கலேன்னா கூப்பிட்ட வீட்டுக்குப் போ" என்றதும், "இனிமே நீ கூப்பிட்டாத்தான் வருவேன்" என்று நீங்கள் பச்சைக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியதும் நினைவிருக்கும். ஸ்லாவாவுக்கு யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, வருகிறவர்கள் தாமாக வருவார்கள். ஆகவே அவர் உங்களைக் கூப்பிட முடியாது. கூப்பிடாமல் நீங்கள் வர முடியாது. இவ்வளவு கச்சிதமான பூட்டை நான் படித்த எந்த நாவலிலும் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அவர் கோதுமையை ஒரு தடவைக்கு மூன்று தடவை அரைக்கிறார். அக்ரூட்டும் சர்க்கரையும் சேர்த்த பிறகு, அண்ணாந்து படுத்துக்கொண்டே விழுங்கலாம். நேற்று அதுவும் நடந்தது.

மதியம் பன்னிரண்டு மணிக்கு, முதல் விருந்தாளி வருவதற்கு முன், நான் மீன் பொரித்துவிட்டுத் திரும்பினால் வீட்டில் அப்பாவைக் காணோம். கதவு திறந்து கிடக்கிறது. இரண்டு மாடிக்குக் கீழே, கடைசிப் படியில், வீட்டுச் செருப்போடு, நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். முகம் பிசைந்த மாவு நிறம். என்னப்பா என்றேன். "ஒண்ணுமில்ல, குப்பை போட வந்தேன்." கையில் குப்பை இல்லை. அத்தை, நான் டாக்ஸியைக் கூப்பிட்டேனா, டாக்ஸி தானாக வந்ததா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

அவசர சிகிச்சைப் பிரிவைப் பார்க்க வேண்டுமே! ஊரில் பாதி வீட்டுக்கு நம் வீட்டைப் போலவே நிக்கோலாதான் காவல் புனிதர். மீதிப் பாதி அந்த வீடுகளுக்குச் சாப்பிடப் போகிறது. இறைச்சி மட்டும் கூடாத விரத மாதம் என்பதால் எல்லா வீட்டிலும் மீன். நாற்பது பேராவது தொண்டையைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி, தேவாலயத்துக்குப் போகும் உடையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் ஒலிவேரா என்று ஒரு நர்ஸ். வருகிறவர்களிடம் ஒரே கேள்விதான்: "முள்ளா, வேறயா?" முள் என்றால் வலது பக்கம், வேறு என்றால் இடது. நான் "வேற" என்றதும் அவள் முகம் மாறியது.

அடுத்த நிமிஷம் அப்பா உடம்பெல்லாம் ஒயரோடு கட்டிலில். டாக்டர் கோஸ்தா இளவயதுக்காரர், கண்ணில் தூக்கம். "வலி வந்தப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். "மேசையை நகர்த்தினேன்" என்றார் அப்பா. இ.சி.ஜி. எடுத்துவிட்டு மறுபடி கேட்டார். "பிளம் சாராய பாட்டில் மூடியைத் திறந்தேன்." டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஐயா, ஓடினதால வந்த வலி வேற, சும்மா இருக்கும்போது வந்த வலி வேற. தப்பாச் சொன்னீங்கன்னா தப்பா வைத்தியம் பண்ணுவேன். உங்க உயிரு, யோசிச்சுச் சொல்லுங்க." அப்பா யோசித்து, "மீன் தட்டைத் தூக்கினேன்" என்றார்.

நான் அழலாமா, அதட்டலாமா என்று நிற்கும்போதே கதவு திறந்தது. ஸகோர்கா மாமி! பின்னால் பதினோரு பேர்! கோதுமைக் கிண்ணம், ரொட்டி, நான் பொரித்த மீன், பாட்டில் சகிதம். "வீடு திறந்து கிடந்துச்சு, ஆளில்ல, இங்கன்னு சொன்னாங்க, வந்துட்டோம்" என்றாள், ஏதோ விருந்தை அடுத்த அறைக்கு மாற்றியது போல. ஒலிவேரா பாய்ந்து வந்தாள். "இது ஆஸ்பத்திரியா, விருந்து வீடா? எல்லாரும் வெளிய!" மாமி கிண்ணத்தை நீட்டினாள். "ஒரு கரண்டி எடுத்துக்கம்மா, அப்புறம் திட்டு." ஸ்லாவா கோதுமையை மறுத்தவர் இந்த ஊரில் உண்டா? ஒலிவேரா வாங்கினாள், விழுங்கினாள், மறுபடி திட்டினாள், ஆனால் பாதிச் சத்தத்தில். முள் வரிசையில் ஒருவர் எட்டி ஒரு கரண்டி வாங்கி, "இறங்கிடுச்சு! முள்ளு இறங்கிடுச்சு!" என்று கத்த, நாற்பது பேரும் இடது பக்கம் வந்துவிட்டார்கள்.

இதில் அப்பா எழுந்துவிட்டார் அத்தை! ஒயர் தெறிக்க, மெஷின் அலற, வெறுங்காலோடு தரையில் நிற்கிறார். "படுங்க!" என்று டாக்டர் கத்துகிறார். "விருந்தாளி வந்திருக்கும்போது வீட்டுக்காரன் படுக்கிறதா? என் ஸ்லாவா இது, நாள் முழுக்க நான் நின்னுதான் உபசரிக்கணும்." ஆடுகிறார், ஆனாலும் நிற்கிறார். டாக்டர் அவர் தோளைப் பிடித்து, தணிந்த குரலில் சொன்னார்: "எனக்கும் இன்னிக்கு ஸ்லாவாதான். வீட்ல பொண்டாட்டி தனியா நிக்கிறா, நான் இங்க நிக்கிறேன். இந்த ரூமுக்கு வீட்டுக்காரன் நான். நீங்க என் விருந்தாளி. படுங்க."

அப்பா படுத்துவிட்டார். விருந்தாளியாக இருக்கத் தெரிந்தவர்.

"விருந்தாளி வீட்டுக்காரன்கிட்ட பொய் சொல்லலாமா? என்ன பண்ணிட்டிருந்தீங்க?" அப்பா அவரைக் குனியச் சொல்லி, காதில் ஏதோ சொன்னார். டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார், பிறகு கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்துக்கொண்டார். "கடிக்குதா டாக்டர்?" என்றார் அப்பா. "பஞ்சு மாதிரி இருக்கு." "அதைச் சீட்டுல எழுதிக் குடுங்க." எழுதினார்! மருந்துகளுக்குக் கீழே, "கோதுமை மிக மென்மை" என்று, முத்திரையோடு. நகல் இணைத்துள்ளேன்.

முடிவு வந்துவிட்டது. மாரடைப்பு இல்லை, ஆனால் அது முகவரி விசாரித்துவிட்டுப் போயிருக்கிறது. மாத்திரை உண்டு, உப்பு குறைவு, சாராயம் இல்லை. நாளைக் காலை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நாளை ஸ்லாவா விருந்தின் மூன்றாவது, கடைசி நாள் என்பதைத் தகவலுக்காகக் குறிப்பிடுகிறேன்.

ஆகவே பயப்பட ஒன்றுமில்லை, நீங்கள் வரத் தேவையில்லை, இது அழைப்பல்ல. புனித நிக்கோலா உங்கள் வாசலையும் முழங்கால்களையும் காக்கட்டும். பூனைக்கு என் அன்பு. உங்கள் கையை முத்தமிட்டு முடிக்கும்,

துன்யா

பி.கு.: அப்பா டாக்டர் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. ஆறு வருஷமாக ஒவ்வொரு ஸ்லாவாவுக்கும் காலையிலிருந்து ஜன்னலோரம் நின்று பஸ் நிறுத்தத்தைப் பார்க்கிறார். நேற்றுப் பச்சைக் கோட்டில் ஒரு பெண் இறங்கியிருக்கிறாள். இரண்டு மாடியும் ஓடியிருக்கிறார். அவள் எதிர் கட்டடத்துக்குள் போய்விட்டாள். இனி அவர் ஓடவே கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பான உத்தரவு. அதனால் நாளை அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நிறுத்தத்தில் மூச்சு வாங்கி நிற்காதீர்கள், அத்தை. நேரே மாடிக்கு வந்துவிடுங்கள். கதவைச் சாத்தாமல் வைக்கிறேன்.